நாய்க்கு மருந்து வெச்சது யாரு?

சித்திரை பிறந்துவிட்டால் கோயமுத்தூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, ரெண்டு நாள் தோட்டத்துக்கு வரலாமா என்பார்கள். வாங்க என்பேன். அடுத்த கேள்வி இப்போதெல்லாம் தவறாமல் வருகிறது: "நாயையும் கூட்டிட்டு வரலாமாங்க? வீட்ல தனியா விட முடியாது." அதுக்கென்ன, தாராளமாகக் கூட்டி வாருங்கள். வேப்பமர நிழல் இருக்கிறது, கட்டிப்போட இடம் இருக்கிறது. மோட்டார் ரூம் பக்கத்தில் சிமென்ட் தொட்டி இருக்கிறது, போர்த் தண்ணி விழுந்துகொண்டே இருக்கும், அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குதிக்கட்டும். ஆனால் குட்டைப் பக்கம் மட்டும் சங்கிலியைக் கழட்டி விடாதீங்க என்பேன். பாம்பு இருக்குதா என்று கேட்பார்கள். பாம்பு இல்லைங்க, பாசி என்றால் சிரித்துவிடுவார்கள்.

சிரிக்கிறதில் தப்பில்லை. எங்க ஊரிலேயே சிரித்தவர்கள்தான் அதிகம். பாசிக்குப் பயந்தால் விவசாயம் பண்ண முடியுமா?

எங்க ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே சந்தோஷப்படுகிற மண். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து கிடக்கிற கொறங்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே செம்மறி. பாதிப் பேருக்குப் பிழைப்பே அதுதான். ஊருக்குக் கிழக்கே ஒரு குட்டை. நூறுநாள் வேலையில் தூர்வாரிக் கரையை உயர்த்தினது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும். பங்குனி வாக்கில் பாதியாகும். வைகாசியில் முழங்கால் அளவு கிடக்கும், அதுவும் கஞ்சி மாதிரி.

இந்தப் பக்கம் நாய் என்றாலே கொஞ்ச வருஷமாக ஒரு கோபம் இருக்கிறது. தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று மாறி மாறி நடந்தது. செத்த ஆடுகளோடு வந்து இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். 1 ஆடு போனால் ஆயிரக்கணக்கில் நஷ்டம், அது போக, காலையில் பட்டியைத் திறந்து அந்தக் காட்சியைப் பார்க்கிறவனின் வயிற்றெரிச்சல் தனி. எங்க கிழக்குக் காட்டு மாமாவுக்கு ஒரு மாசி மாசத்தில் ஒரே ராத்திரியில் 6 ஆடு போயிற்று. மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாடியும் சொன்னார்: "நாயின்னு ஒண்ணு இனி என்ற காட்டுப் பக்கம் வரட்டும், அப்பறம் பாத்துக்கறேன்."

சொன்னது மாசியில். வைகாசி முதல் வாரத்தில் எங்க பங்காளி வீட்டு அண்ணனின் நாய் செத்துப்போனது.

மணி என்று பேர். கலப்பு நாய்தான், ஆனால் பட்டிக் காவலில் அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆடுகளுக்குக் கொறங்காட்டிலேயே தண்ணித்தொட்டி உண்டு. மணிக்கு அது பத்தாது. வெயில் தாழ்ந்ததும் குட்டைக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரும். அன்றைக்கும் 5 மணிக்குப் போய் வந்தது. திண்ணையோரம் படுத்து உடம்பை நக்கிக்கொண்டே இருந்ததை அண்ணி பார்த்திருக்கிறார். 6 மணி சுமாருக்கு வாயில் எச்சில் கயிறு மாதிரி ஒழுக ஆரம்பித்தது. எழுந்தால் பின்னங்கால் பின்னுகிறது. பச்சையாக வாந்தி. அப்புறம் உடம்பு வெடவெடவென்று நடுங்கி வெட்டு வெட்டு என்று வெட்டியது. ஆட்டோ சொல்லி வருவதற்குள், 7 மணி செய்தி முடிவதற்குள், முடிந்துபோயிற்று.

பூச்சிமருந்து குடித்த மனிதரைப் பார்த்தவர்களுக்கு இந்த அடையாளங்கள் எல்லாம் தெரியும். எச்சில், வாந்தி, நடுக்கம், வெட்டு. கிராமத்தில் அதைப் பார்க்காத ஆளே இல்லை, அது இன்னொரு துயரம். அதனால் யாரும் யோசிக்கக்கூட இல்லை. "குருணை மருந்து வெச்சுப்போட்டாரு" என்றார் அண்ணன். யார் என்று பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ராத்திரி 9 மணிக்குக் கிழக்குக் காட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். "மாமன்னு பாக்க மாட்டேன். விடிஞ்சா ஸ்டேஷன்தான்." மாமா உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. அத்தைதான் வந்து, "உன்ற நாயத் தொட்டா என்ற கையி வெளங்காது சாமி" என்று அழுதார். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஆவணியில் ஒரு கல்யாணப் பேச்சு வேறு இருந்தது. அது அன்றைக்கே நின்றது.

கேஸ் கொடுக்கணும்னா நாயை அறுத்துப் பார்த்த ரிப்போர்ட் வேண்டும் என்று யாரோ சொல்ல, காலையில் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தோம். வயசு 30 இருக்கும். வந்தவர் கத்தியை எடுக்கும் முன்னால் நாயின் தாடையையும் முன்னங்கால் முடியையும் விரலால் (கையுறை போட்டுத்தான்) தடவிப் பார்த்தார். காய்ந்துபோன பச்சை, பெயின்ட் ஒட்டின மாதிரி. "நாய் கடைசியா எங்கங்க போச்சு?" என்று கேட்டார். குட்டைக்குத்தானுங்க, தினமும் போறதுதான் என்றோம். வயிற்றில் கறித்துண்டு இல்லை, குருணை இல்லை. பச்சைத் தண்ணியும் சளி மாதிரிக் கொஞ்சமும்தான் இருந்தது. அதை எடுத்து பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, குட்டையைப் பார்க்கணும் என்றார்.

நாங்கள் அந்தக் குட்டையைத் தினமும் பார்க்கிறவர்கள். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தோம். மேற்குக் கரையில் தண்ணீர் கலங்கலாக, சாதாரணமாக இருந்தது. கிழக்குக் கரையில், விலங்குகள் இறங்கும் சரிவு இருக்கிற பக்கம், நாலடி அகலத்துக்குப் பச்சை பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல ஏடு கட்டிக் கிடந்தது. ஓரத்தில் காய்ந்த இடத்தில் லேசாக நீலம். ஒரு அழுகல் வாடை. வைகாசியில் எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேக்காத்து தொடங்கிவிடும். பலமாக அடித்தால் தண்ணி கலங்கிப் பாசி கலைந்துபோகும். லேசாக வீசினால், குட்டை முழுக்க மிதக்கிறதை ஒன்று சேர்த்துக் கிழக்கே கொண்டுவந்து ஒதுக்கும். குட்டை முழுசிலும் பரவியிருந்த நஞ்சு, நாய் இறங்குகிற நாலடியில் சேர்ந்து கிடந்தது.

"நீலப்பச்சைப் பாசி" என்றார் டாக்டரம்மா. உடனே அண்ணன், "அது நெல்லுக்குப் போடற பாசியாச்சுங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விவசாயிகளுக்கு அந்தப் பேர் நல்ல பேர். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கிற உயிர் உரம் என்று வேளாண் துறைக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்தது. மாட்டுக்குப் போடுகிற அசோலாவின் இலைக்குள்ளே குடியிருப்பதும் இந்த வகைதான். நகரத்தில் நீங்கள் மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுகிற ஸ்பைருலினாவும் இதே குடும்பம். ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்? மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா என்று சில சாதிகளில் சில ரகங்கள் நஞ்சு உண்டாக்கும். இன்றைக்கு உண்டாக்கி நாளைக்குக் குறைத்துக்கொள்ளவும் செய்யும்.

உண்மையில் இது பாசியே இல்லை, பாக்டீரியா. பச்சையம் இருப்பதால் பாசி மாதிரித் தெரிகிறது. உடம்புக்குள் நுண்ணிய காற்றுப்பைகள் வைத்திருக்கிறது, அதனால் அசையாத தண்ணியில் மேலே மிதந்து வரும். வெயில், தேங்கின தண்ணி, கூடவே மணிச்சத்தும் தழைச்சத்தும் கிடைத்தால் ஒரு வாரத்தில் குட்டையையே பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சித்திரையில் ஒரு கோடைமழை கொட்டியது. குட்டைக்கு மேற்கே மேட்டில் தென்னைக்காக இறக்கின கோழி எரு 2 லோடு குவிந்து கிடந்தது. எங்க பக்கம் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லை, எரு சல்லிசு. பாதி அப்படியே குட்டைக்கு வந்துவிட்டது. அந்த எரு யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. ஊருக்குத் தெரியும்.

ஆனால் எல்லாரையும் வாயடைக்க வைத்தது டாக்டரம்மா சொன்ன வேறொரு விஷயம். நரம்பு தசையை இயக்குவதற்கு ஒரு ரசாயனத்தை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு என்சைம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அந்த என்சைமைக் கட்டிப்போடும், குருணை மருந்தும் அப்படியே. அதனால்தான் எச்சிலும் நடுக்கமும் வெட்டும். சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குகிற குவானிடாக்சின் என்ற நஞ்சும் அதே என்சைமைத்தான் கட்டிப்போடுகிறது. அனாடாக்சின் என்று இன்னொன்று, அந்த ரசாயனமாகவே வேஷம் போட்டுப் போய்த் தசையை விடாமல் இயக்கிக் கடைசியில் மூச்சை நிறுத்தும். 1960-களில் கனடாவில் அதை ஆராய்ந்தவர்கள் முதலில் வைத்த பேரே 'மிக வேகமான சாவுக் காரணி' என்ற அர்த்தத்தில்தான். ஆக, அண்ணன் கண்ணால் கண்டது பொய்யில்லை. பூச்சிமருந்து செய்கிற வேலையைப் பாசியும் செய்யும். வெளியே இருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

எத்தனை ஊரில் எத்தனை பேர் இப்படிப் பகையாகியிருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. நாய் திடீரென்று செத்தால் நம்மூரில் ரெண்டே காரணம்தான்: ஒன்று பாம்பு, இல்லையென்றால் ஆகாதவன். நமக்கு மட்டும் இல்லை. 2020-ல் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ பக்கம் 300-க்கும் மேலான யானைகள் செத்து விழுந்தன. வேட்டைக்காரர்கள் விஷம் வைத்தார்களா என்ற சந்தேகம் முதலில் வந்தது, ஆனால் தந்தங்கள் அப்படியே இருந்தன. கடைசியில் அந்த அரசாங்கம், தண்ணிக்குட்டைகளில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுதான் காரணம் என்று அறிவித்தது. அதற்கும் ரொம்ப முன்னால், 1878-லேயே, ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் நடந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். ஆறு வற்றி, தண்ணி சூடேறி, காற்று ஒதுக்கின கரையில் ஏடு கட்டியிருக்கிறது. அதைக் குடித்த ஆடு, குதிரை, பன்றி, நாய் எல்லாம் செத்தன. நாய்களுக்கு 4, 5 மணி நேரம்தான் ஆனது என்று கணக்கு வைத்திருக்கிறார். படித்தபோது எங்க குட்டையைப் பற்றி எழுதியது மாதிரியே இருந்தது.

மாடும் ஆடும் இதற்குத் தப்பினவை இல்லை. ஆனால் நாய்க்கு ஆபத்து கூடுதல். மாடு வாயை வைத்துக் குடிக்கும், அவ்வளவுதான். நாய் ஓரத்து ஏட்டுக்குள்ளேயே புரளும், வாடை அடித்தால் மோந்து நக்கும், எறிந்த குச்சியைக் கவ்வும்போது தண்ணியை விழுங்கும். வீட்டுக்கு வந்து முடியில் ஒட்டினதை எல்லாம் நக்கி உள்ளே தள்ளும். குளித்ததை விட இந்த நக்கல்தான் பெரிய கேடு.

நரம்பைத் தாக்குகிற நஞ்சு என்றால் சில நிமிஷத்தில் இருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஈரலைத் தாக்குகிற மைக்ரோசிஸ்டின் கொஞ்சம் ஏமாற்றும். வாந்தி, கழிச்சல், சோர்வு, தீனி எடுக்காதது, ஈறு வெளுத்துப்போவது, ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் தட்டுவது என்று வரும். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு உங்க நாய்க்கு அப்படி ஏதாவது என்றால், ஞாயித்துக்கிழமை குட்டையில் குளித்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

எல்லாப் பச்சையும் நஞ்சில்லை. மீன் வளர்க்கிறவர்கள் சாணி கரைத்து விட்டுத் தண்ணியைப் பச்சையாக்குவதே மீன் தீனிக்காகத்தான். ஒரு குச்சியை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். தலைமுடி மாதிரி நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பிடிபடாமல் பெயின்ட் மாதிரிக் குச்சியில் வழிந்தால் சந்தேகப்படணும். இன்னொன்று, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி மொண்டு மூடி, ஆட்டாமல் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பரவாயில்லை. மேலே வளையம் கட்டி, கீழே தண்ணி தெளிந்திருந்தால் நீலப்பச்சை ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். கையில் உறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதெல்லாம் ரகத்தைக் காட்டுமே தவிர, நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அதை லேப்தான் சொல்லும். அதனால் எங்க வழி சுலபமான வழி: சந்தேகம் வந்தால் அந்தத் தண்ணி வேண்டாம். சிங்காநல்லூர் குளக்கரையில் நாயோடு நடக்கிறவருக்கும் இதே கணக்குதான். நகரத்துக் குளத்துக்குக் கோழி எரு தேவையில்லை, சாக்கடையே போதும்.

தெரியாமல் இறங்கிவிட்டது என்றால் முதல் வேலை, நக்க விடாமல் பிடித்துக்கொண்டு நல்ல தண்ணியில் அலசி அலசிக் கழுவுவது. ஹோஸ் பைப் இருந்தால் உத்தமம். அப்புறம் நேராக டாக்டர். உப்புக் கரைசல், புளித்தண்ணி என்று வாயைத் திறந்து ஊற்றுகிற வைத்தியம் எங்க ஊரில் உண்டு. வேண்டவே வேண்டாம். நடுங்குகிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். முறிக்கிற மருந்து என்று தனியாக எதுவும் இதற்கு இல்லை. குளுக்கோஸ் ஏற்றி, வெட்டை அடக்கி, மூச்சைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். சீக்கிரம் போனால் பிழைத்ததும் உண்டு. மொன்டானாவில் ஒரு நாயை, கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கிற கொலஸ்டிரமின் என்ற மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றியதாக 2013-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. தண்ணியைக் கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா போன பிறகு ஊரில் ஆளுக்கொரு யோசனை. மயில்துத்தம் ரெண்டு கிலோ கரைத்து ஊற்றினால் ஒரே நாளில் பாசி செத்துவிடும் என்றார்கள் சிலர். போர்டோ கலவை போடுகிற ஊரில் மயில்துத்தம் எல்லார் வீட்டிலும் இருக்கும். சாகும், சந்தேகமில்லை. ஆனால் பாசியின் உடம்புக்குள் இருக்கிற நஞ்சு அது வெடித்துச் சாகும்போது மொத்தமாகத் தண்ணியில் கலந்துவிடும். தண்ணி தெளிந்து பார்க்க நல்லாயிருக்கும், அன்றைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. நல்லவேளையாக இதை அவரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று முடிவு பண்ணினார்கள்.

செய்தது வேறு. ஜே.சி.பி. வைத்துக் கிழக்குச் சரிவை மூடி, மேற்குக் கரையில் புதுசாகச் சரிவு வெட்டினோம். மேக்காத்து எங்கே தள்ளுமோ அதற்கு எதிர்ப்பக்கம். செலவு எல்லாரும் பங்கு போட்டது. எருக்குவியலுக்குத் தார்ப்பாயும் சுற்றி ஒரு அடி வரப்பும் வந்தது. மேட்டில் இருந்து தண்ணி வரும் வழியில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம், வண்டலும் எருவும் அங்கேயே நிற்கட்டும் என்று. ஆட்டுத்தொட்டி இருக்கிற காடுகளில் நாய்க்கென்று தாழ்வாக ஒரு சின்னத் தொட்டியும் கட்டினார்கள். வாசலிலேயே நல்ல தண்ணி கிடைத்தால் பாதி நாய்கள் குட்டைக்கே போகாது.

ஒரு மாசம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. பூச்சிமருந்து எதுவும் இல்லை என்று ஒரு வரி. பாசி நஞ்சைப் பார்க்கிற வசதி அந்த லேப்பில் இல்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அண்ணன் அந்தத் தாளை ரெண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கிழக்குக் காட்டுக்குப் போய் வந்ததாக அண்ணி சொன்னார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கல்யாணப் பேச்சு மட்டும் திரும்ப எடுக்கவே இல்லை, பெண்ணுக்கு அதற்குள் தாராபுரத்தில் முடிந்துவிட்டது. மாமா இன்னும் டீக்கடைக்கு வருவதில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஊர் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் பாட்டில் வைத்துப் பார்க்கிற வேலையைப் பங்குனியில் இருந்து மழை வரும் வரை செய்கிறவர் அவர்தான். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். வாரம் 2 தடவை மொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டு, காலையில் என் வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார். நேற்றுச் சொல்லி அனுப்பினார், மேலே ஒரு விரல்கடை பச்சை கட்டியிருக்கிறதாம். குட்டையில் ரெண்டடித் தண்ணிதான் இருக்கிறது. கிழக்குக் கரை நெடுக முள் வெட்டிப் போட்டாயிற்று.